வீடு கைமாறும்போது புரோக்கருக்கு எவ்வளவு? கமிஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு விலையைப் பேசும்போது ஆயிரம் ரூபாய்க்குக்கூட மல்லுக்கு நிற்பவர்கள், கமிஷன் என்று வந்ததும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அந்த அப்புறம் பெரும்பாலும் பத்திரப்பதிவு அலுவலக வாசலில்தான் வரும். தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர்களும் விற்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கணக்கு போட வேண்டிய இடங்களில் எல்லாம் 80 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்கிறேன்.

கமிஷன் எத்தனை சதவீதம்? சட்டத்தில் ஏதாவது விகிதம் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் அப்படி எந்த விகிதமும் நிர்ணயிக்கப்படவில்லை. இருப்பது வழக்கம் மட்டும்தான். சென்னையிலும் புறநகரிலும் விற்பவர் பக்கம் 1 முதல் 2 சதவீதம், வாங்குபவர் பக்கமும் அதே அளவு என்று பேசுவார்கள். 2 என்று ஆரம்பித்து 1-இல் முடிவது சகஜம். விலை கோடியைத் தாண்டினால் சதவீதப் பேச்சு போய், "ஒரு லம்ப்சம் பேசிக்கலாம் சார்" என்பார்கள். சிறிய ஊர்களில் மனை விற்பனைக்கு 2 சதவீதத்தில் பிடிவாதமாக நிற்பவர்கள் அதிகம். அங்கே மொத்த விலையே குறைவு, அலைச்சல் மட்டும் குறைவதில்லை.

80 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 80,000 ரூபாய். பழைய வீடு வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என அரசுக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும்; அதுவே 7,20,000 ஆகிறது. அதில் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேச முடியாது. கமிஷனில் பேசலாம். ஆனால் வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பு பேச வேண்டும். பிடித்துப்போன பிறகு பேசினால் நம் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே புரோக்கர் இரண்டு பக்கமும் வாங்கலாமா?

வாங்குகிறார்கள். இங்கே அதுதான் நடைமுறை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் அதில் தவறும் இல்லை. சிக்கல் என்னவென்றால், விலையைக் கூட்ட விற்பவர் அவரை நம்புகிறார், குறைக்க வாங்குபவர் அவரையே நம்புகிறார். விற்பவரிடம் போய், "சார், பார்ட்டி 77-க்கு மேல வர மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் இறங்குங்க" என்பார். அடுத்த நிமிடமே வாங்குபவருக்கு போன் போட்டு, "மேடம், ஓனர் 82-ல நிக்கிறாரு. நான் பேசி 79-க்குக் கொண்டுவரேன்" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இரண்டுமே அவர் மனதில் ஏற்கெனவே போட்டுவைத்த 78-க்கு உங்களைக் கொண்டுவருவதற்கான வழியாகவும் இருக்கலாம்.

இரண்டு பக்கமும் வாங்குகிறார் என்று தெரிந்தால் உங்கள் கடைசி விலையை அவரிடம் சொல்லாதீர்கள். விற்பவரோடு நேரில் உட்கார்ந்து பேசும்போது நீங்களே சொல்லுங்கள்.

விலை ஏறினால் கமிஷனும் ஏறும். அப்படியானால் எனக்கு நல்ல விலை வாங்கித் தருவது அவருக்கும் லாபம்தானே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் விற்பவர், பேசியது 1 சதவீதம். 80 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி தயாராக இருக்கிறது. இரண்டு மாதம் பொறுத்தால் 83 கிடைக்கலாம். பொறுத்தால் உங்களுக்கு மூன்று லட்சம் கூடுதல். அவருக்குக் கூடுதல் 3,000 ரூபாய். அதையும் கூட வந்த இன்னொரு புரோக்கரோடு பங்கு போட்டால் 1,500. அந்த 1,500-க்காக, கையில் வந்துவிட்ட தன் பங்கு 40,000-ஐ இரண்டு மாதம் தள்ளிப்போட யாராவது சம்மதிப்பார்களா? நடுவில் வேறு புரோக்கர் வேறு பார்ட்டியைக் கொண்டுவந்து முடித்துவிட்டால் மொத்தமும் போச்சு.

அதனால்தான் ஒவ்வொரு புரோக்கரும் "இதுதான் சார் சரியான விலை, விட்டுடாதீங்க" என்கிறார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. சதவீதக் கமிஷன் விலைக்குச் சம்பளம் தருவதில்லை, முடிப்பதற்குத் தருகிறது.

இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது, விற்பவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. "80 லட்சம் வரை 1 சதவீதம். 80-க்கு மேல் வருவதில் 10 சதவீதம்" என்று பேசுங்கள். இப்போது 83-க்கு முடித்தால் அவருக்குக் கூடுதலாக 3,000 அல்ல, 30,000. உங்களுக்கு மிச்சம் 2,70,000. இனி அவர் பேசும் தொனியே மாறும்.

ஒரு வீட்டுக்கு ஏன் நாலைந்து புரோக்கர்கள் வருகிறார்கள்? எல்லாருக்கும் நான் கொடுக்க வேண்டுமா?

தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட் விற்பனைக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுக்ககத்தின் கீழே இஸ்திரி போடுபவருக்கோ வாட்ச்மேனுக்கோதான் முதலில் தெரியும். அவர் தெரு முனை புரோக்கரிடம் சொல்கிறார். வீட்டுச் சாவி அந்தப் புரோக்கரிடம் போய்விடுகிறது. இந்தத் தொழிலில் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் மரியாதை. அவர் நாலு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுகிறார். அங்கே பார்த்த குரோம்பேட்டைப் புரோக்கர் தன் நண்பரிடம் சொல்கிறார். அந்த நண்பருக்குத் தெரிந்தவர்தான் நீங்கள்.

பதிவு நாளன்று போட்டோ, கைரேகை எல்லாம் முடித்து வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் நீங்கள் பார்த்தே இராத இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். விற்பவர் பக்க 80,000-இல் வாட்ச்மேனுக்கு 5,000 தனியாக எடுத்துவைப்பார்கள். மீதியைச் சாவிக்காரரும் குரோம்பேட்டைக்காரரும் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்துப் பணத்தை நண்பரும் அவருக்குத் தெரிந்த இன்னொருவரும் பங்கு போடுவார்கள். "அண்ணே, போன தடவை எனக்குக் குறைச்சுட்டீங்க" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

அந்தப் பங்கு அவர்களுக்குள் உள்ள கணக்கு. நீங்கள் யாரோடு பேசினீர்களோ அவருக்கு மட்டும், பேசிய தொகையை மட்டும் கொடுங்கள். "அவருக்கும் ஏதாவது பார்த்துப் பண்ணுங்க சார்" என்றால், "உங்க கணக்கிலேயே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிடலாம்.

"மேல வைத்து விற்பது" என்கிறார்களே, அது என்ன?

விற்பவர், "எனக்கு 75 கையில் வந்தால் போதும், மேலே வருவதை நீ எடுத்துக்கோ" என்று தானே சொல்லியிருந்தால் அது ஒரு ஒப்பந்தம். அதில் ஒளிவுமறைவு இல்லை. விற்பவருக்குத் தெரியாமல், அவரிடம் 75 என்றும் வாங்குபவரிடம் 80 என்றும் சொல்லி ஐந்து லட்சத்தை அமுக்குவதுதான் பிரச்சினை. பல சமயம் அதற்கு மேல் இரண்டு பக்கமும் கமிஷன் வேறு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. முகவர் (இங்கே புரோக்கர்) தன் முதலாளிக்கு (இங்கே விற்பவருக்கு)த் தெரியாமல் அந்த வேலையிலேயே சொந்த லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது பிரிவு 216. முறைகேடாக நடந்த முகவருக்கு அந்த வேலைக்கான கூலியே கிடையாது என்கிறது பிரிவு 220.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு வேண்டாம். அக்ரிமெண்ட் நாள் வரை விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்கவே விடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டால், "ஓனர் பிஸி, எல்லாம் என்கிட்டயே பேசிக்குங்க" என்றால், நடுவில் ஏதோ இருக்கிறது. டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உரிமையாளரை நேரில் பார்த்து, "மொத்த விலை எவ்வளவு பேசியிருக்கோம்?" என்று அவர் வாயால் கேளுங்கள்.

பில்டரிடம் நேரடியாகப் புது ஃபிளாட் வாங்குகிறேன். கமிஷன் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அங்கே ஏஜெண்டுக்குப் பணம் தருவது பில்டர். உங்களை அழைத்துவந்தவர் யார் என்று விற்பனை அலுவலகத்தில் முதல் நாளே பதிவு செய்துகொள்வார்கள். நீங்கள் பணம் கட்டக் கட்ட அவருக்குக் கமிஷன் போகும். நீங்களாகவே போய் வாங்கினால் அந்தத் தொகை பில்டருக்கு மிச்சம். அதைச் சொல்லியே விலையிலோ கார் பார்க்கிங்கிலோ தள்ளுபடி கேட்கலாம். கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

புரோக்கர் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டுமா?

எந்த வீடு என்பதைப் பொறுத்தது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் பிரிவு 9-படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் பில்டர் விற்கும் வீட்டையோ மனையையோ விற்றுக்கொடுக்கும் ஏஜெண்ட் பதிவு செய்திருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு உட்பட்டோ அமையும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. பதிவு செய்யாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். விற்ற சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அது ஏறலாம்.

ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்றுக்கொடுக்கும் தெருமுனைப் புரோக்கரை இந்தப் பிரிவு நேரடியாகத் தொடுவதில்லை. நம் ஊரில் நடக்கும் கமிஷன் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் பழைய வீட்டு விற்பனையில்தான் வருகின்றன என்பது என் எண்ணம். அங்கே உங்களுக்கு இருப்பது ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் எழுதி வைத்துக்கொண்டதும் மட்டுமே.

இந்தச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் அலுவலகம் எழும்பூரில் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டுகள் பட்டியல் அதன் இணையதளத்தில் உண்டு. (அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இதே ஆணையம்தான்.)

எப்போது கொடுப்பது? அக்ரிமெண்ட் அன்றா, பதிவு அன்றா?

தனியாக எதுவும் பேசவில்லை என்றால், வேலை முடிந்த பிறகுதான் கூலி என்கிறது ஒப்பந்தச் சட்டம், பிரிவு 219. நடைமுறையில் அக்ரிமெண்ட் அன்று பாதி, கிரயம் பதிவானதும் மீதி என்று கேட்பார்கள். பாதி என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. கால் பங்கு போதும். அக்ரிமெண்டுக்கும் பதிவுக்கும் இடையில் வங்கிக் கடன், பட்டா மாற்றம், வாரிசுச் சான்று என்று ஓட வேண்டிய வேலை நிறைய வரும். முக்கால் பங்கு பாக்கி இருந்தால் போன் எடுப்பார்.

அட்வான்ஸ் போட்ட பிறகு விற்பனை நின்றுவிட்டது. கமிஷன் தர வேண்டுமா?

முன்கூட்டியே பேசிக்கொள்ளவில்லை என்றால் சண்டைதான். "நான் பார்ட்டியைக் கூட்டிவந்துட்டேன், என் வேலை முடிஞ்சது" என்பார் அவர். "வீடே கைமாறலை" என்பீர்கள் நீங்கள். அவருடைய வேலை என்பது ஆளைக் கொண்டுவருவதா, கிரயத்தை முடித்துத் தருவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். கிரயம் பதிவானால் மட்டுமே கமிஷன் என்று பேசியிருந்தால், முன்பே வாங்கியதை அவர் திருப்பித் தர வேண்டும். விற்பவர் வேண்டுமென்றே பின்வாங்கினால் அவர் பக்கக் கமிஷனை அவர் தருவது நியாயம். வாங்குபவரிடம் கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை அக்ரிமெண்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "அதெல்லாம் எதுக்கு சார் வெட்டிச் செலவு, சும்மா ஒரு ஸ்டாம்ப் பேப்பர்ல போட்டுக்கலாம்" என்று சொல்லும் புரோக்கர் உங்கள் செலவைக் குறைக்கவில்லை, தன் பாதிக் கமிஷனைச் சீக்கிரம் வாங்கப் பார்க்கிறார்.

வீட்டைக் காட்டியது புரோக்கர். ஓனரோடு நேரடியாகப் பேசி முடித்தால் கமிஷன் மிச்சம்தானே?

இதை வெட்டிவிடுவது என்பார்கள். அவர் அறிமுகம்தான் விற்பனைக்குக் காரணம் என்று அவரால் காட்ட முடிந்தால் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய லொக்கேஷனும் போட்டோவும் அதற்குச் சான்றாக நிற்கும். அதைவிட முக்கியம், வீட்டைக் காட்ட அவர் பெட்ரோல் செலவழித்து வெயிலில் நின்றிருக்கிறார். கமிஷன் அதிகம் என்றால் குறைக்கச் சொல்லுங்கள், ஏமாற்றாதீர்கள்.

அதே சமயம், ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் உங்களுக்குக் காட்டியிருந்தால், முதலில் காட்டியவர் யார் என்ற கேள்வி வரும். ஏற்கெனவே பார்த்த வீடு என்றால் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கமிஷன் கொடுத்திருக்கிறோமே, பத்திரம் சரியா என்று அவர் பார்க்க மாட்டாரா?

மாட்டார். "லீகல் எல்லாம் பக்கா கிளியர் சார், பேங்க் லோனே வாங்கியிருக்காங்க" என்பது சான்று ஆகாது. ஆள் சேர்ப்பது, பேரம் முடிப்பது, பதிவு நாளன்று கூட நிற்பது, இதுதான் கமிஷனில் அடங்குவது. மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாகப் பார்த்து எழுத்தில் கருத்துத் தர வழக்கறிஞர் தனி, அவர் கட்டணமும் தனி. புரோக்கர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம். நீங்களே ஒருவரைப் பிடியுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே கிடைக்கும். இதை வக்கீலிடம் போவதற்கு முன்பே ஒருமுறை நீங்களே செய்யுங்கள், பெயர்கள் பழகிவிடும்.

ஜிஎஸ்டி தனியாக வேண்டும் என்கிறார். தரலாமா?

ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். கமிஷனுக்கு 18 சதவீதம். 80,000 என்பது 94,400 ஆகிவிடும். எனவே பேசும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா?" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தந்தால் கொடுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் கேட்டால் அது வரி இல்லை.

ரொக்கமாகக் கொடுப்பதையும் தவிருங்கள். விற்பவர் கொடுத்த கமிஷனை மூலதன ஆதாயக் கணக்கில் விற்பனைச் செலவாகக் கழிக்கலாம். வாங்குபவர் கொடுத்ததை வீட்டின் அடக்க விலையோடு சேர்த்து, பின்னால் விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இருந்தால்தான் அது நடக்கும்.

சதவீதம் எந்த விலைக்கு? பத்திரத்தில் காட்டும் விலைக்கா?

கையில் பேசிய விலைக்குத்தான் கேட்பார்கள். பத்திர விலை வேறு, பேசிய விலை வேறு என்று இருந்தால் கமிஷனைவிடப் பெரிய தலைவலி உங்களுக்கு இருக்கிறது. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கியவருக்கு வாங்கிய அளவே அபராதம் வரலாம்.

"என் பேரில் பவர் எழுதிக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்தால் விலையைத் தீர்மானிப்பது அவர், பணம் வாங்குவதும் அவர். வெளிநாட்டில் இருந்தால் அண்ணன், தங்கை, பெற்றோர் என்று ரத்த உறவில் ஒருவருக்குக் கொடுங்கள். கமிஷன் வாங்குபவரிடமே கையெழுத்து அதிகாரமும் இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வீடு விற்றபோது 6 சதவீதம் போய்விட்டதாம். அது ஏன் அவ்வளவு?

அங்கே வெகுகாலமாக விற்பவர்தான் இரண்டு பக்க ஏஜெண்டுகளுக்கும் சேர்த்து 5 முதல் 6 சதவீதம் கொடுத்து வந்தார். வாங்குபவரின் ஏஜெண்டுக்கு விற்பவர் ஏன் தர வேண்டும் என்று வழக்கு போட்டார்கள். 2023 அக்டோபரில் மிசௌரியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி விற்றவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவர் தன் ஏஜெண்டோடு வீடு பார்க்கப் போவதற்கு முன்பே அவருக்கு எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். தம்பி அடுத்து வீடு வாங்கினால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேரம் பேசலாம்.

நம் ஊர் புரோக்கரிடம் போய் ஒப்பந்தம் கேட்டால் சிரிப்பாரே?

சிரிப்பார். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். முதல் வீடு பார்த்த அன்று சாயங்காலம் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"அண்ணே, இன்னைக்கு மேடவாக்கம் ரெண்டாவது மாடி வீடு காட்டினதுக்கு நன்றி. நாம பேசினபடி இந்த வீடு முடிஞ்சா என் பக்கம் 1 சதவீதம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. அக்ரிமெண்ட் பதிவு அன்னைக்குக் கால் பங்கு, கிரயம் பதிவானதும் மீதி, ரெண்டும் பேங்க் மூலமா. கிரயம் ஆகலைன்னா கொடுத்தது திரும்ப. கூட யார் வந்தாலும் உங்க கணக்கிலதான். ஓனர்கிட்டயும் நீங்க கமிஷன் வாங்கறதா இருந்தா எவ்வளவுன்னு சொல்லிடுங்க."

"ஓகே சார்" என்று பதில் வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிக்கு மட்டும் பதில் வராமல் போன் வந்தால், எடுத்துப் பேசிவிட்டு, பேசியதை மறுபடியும் செய்தியாகப் போடுங்கள்.